சந்தேகம்தான், உறுதியில்லை என்றால் போலீஸிடம் சொல்லலாமா?

கேள்வி: "கூட்டமான இடங்களில் 'சந்தேகத்துக்கிடமான நபர்களையோ பொருட்களையோ கண்டால் உடனே தகவல் தெரிவிக்கவும்' என்று ஓயாமல் அறிவிக்கிறார்கள். எது சந்தேகத்துக்கிடமானது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. போலீஸில் சொல்லி ஒன்றுமில்லாமல் போனால் அசிங்கம். ஒரு அப்பாவி மாட்டிக்கொண்டால் பாவம். சாதாரண ஆள் என்னதான் செய்வது?"

"உறுதியில்லையே" என்ற இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் நின்றுவிடுகிறார்கள். அதிலிருந்தே தொடங்குவோம்.

2017 மே 22, பிரிட்டனில் மான்செஸ்டர் அரீனா அரங்கம். இசை நிகழ்ச்சி முடிந்து வரும் பிள்ளைகளை அழைத்துப்போகப் பெற்றோர் வெளிக்கூடத்தில் காத்திருக்கிறார்கள். பெரிய முதுகுப்பையோடு ஒருவன் ஒதுக்குப்புறமாக உட்கார்ந்திருப்பது அவர்களில் ஒருவரின் கண்ணில் படுகிறது. நேரே போய்ப் பையில் என்ன என்று கேட்கிறார். மழுப்பலான பதில். இரவு சுமார் 10.15 மணிக்கு அங்கிருந்த நிகழ்ச்சிப் பாதுகாப்பு ஊழியர் ஒருவரிடம் சொல்கிறார். அந்த ஊழியரால் தன் இடத்தை விட்டு நகர முடியவில்லை. சில நிமிடம் கழித்து அந்த ஊழியர் இன்னொரு ஊழியரிடம் சொல்கிறார். இந்த இரண்டாமவர் வாக்கிடாக்கியில் முயன்று பார்க்கிறார், இணைப்புக் கிடைக்கவில்லை, விட்டுவிடுகிறார். தவறாகச் சந்தேகப்பட்டால் இனவெறியன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் இருந்ததாகப் பிறகு அவரே சொன்னார். 10.31க்கு குண்டு வெடித்தது. 22 பேர் இறந்தார்கள். 2021இல் வெளியான விசாரணை அறிக்கை இதைத் தவறவிட்ட வாய்ப்பு என்றே பதிவு செய்தது.

அந்தத் தந்தை பார்த்தது சரி, சொன்னதும் சரி. தகவல்தான் போலீஸைச் சென்றடையவில்லை. அதனால் முதல் விதி: காவலாளியிடமோ நிலைய ஊழியரிடமோ சொன்னால், அவர் உங்கள் கண் முன்னே அதை மேலே சொல்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே அவசர எண்ணை அழையுங்கள். ஒரே விஷயத்தை இரண்டு பேர் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

இரண்டாவது, உறுதிப்படுத்துவது உங்கள் வேலையே இல்லை. உங்கள் கையில் இருப்பது ஒரு துண்டு: ஒரு பை, ஒரு வண்டி எண், ஒரு விசித்திரமான கேள்வி. அதே ஆளைப் பற்றி வேறு மூன்று பேர் வேறு மூன்று இடங்களில் சொல்லியிருக்கலாம். சேர்த்துப் பார்க்க போலீஸால் முடியும், உங்களால் முடியாது. அந்தத் தந்தையைப் போல நேரில் போய் விசாரிப்பதும் வேண்டாம். தைரியமான செயல்தான். ஆனால் எதிரில் இருப்பவன் உண்மையிலேயே தாக்க வந்தவனாக இருந்தால், மாட்டிக்கொண்டோம் என்று அந்த நொடியே விசையை அழுத்திவிடலாம்.

எது சந்தேகம், எது சந்தேகமில்லை

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வழக்கமான ஓட்டம் உண்டு. பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பது இயல்பு. வங்கி வாசலில் அப்படி உட்கார்ந்தால் இயல்பில்லை. தினம் போய்வரும் இடத்தின் ஓட்டம் எந்தக் கேமராவையும்விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதிலிருந்து விலகுவது எதுவோ, அதற்கு எளிய விளக்கம் கிடைக்காதது எதுவோ, அதைத்தான் கவனிக்க வேண்டும்.

உடை, தாடி, மொழி, மதம், தோல் நிறம் எதுவும் அடையாளமில்லை. இது மரியாதைக்காகச் சொல்வதல்ல, தொழில் காரணமும் இருக்கிறது. தோற்றத்தை வைத்துச் சொல்லப்படும் தகவல் ஆயிரக்கணக்கில் வந்து குவியும், அதில் விசாரிக்க எதுவும் இருக்காது. அந்தக் குவியலுக்கு அடியில் உருப்படியான ஒன்று புதைந்துபோகும். தாக்க வருபவனோ கூட்டத்தோடு கலந்துபோகத்தான் பார்ப்பான். 2011 ஜூலை 22 அன்று நார்வேயின் ஒஸ்லோவில் குண்டு வைத்தவன் போட்டிருந்தது போலீஸ் சீருடை மாதிரியான உடை.

ஒரு சின்னச் சோதனை உதவும். நீங்கள் பார்த்ததை அந்த ஆளின் தோற்றத்தைக் குறிப்பிடாமல் சொல்லிப் பாருங்கள். "மூன்று நாளாக ஒரே நேரத்துக்கு வந்து, காவலாளிகள் ஷிஃப்ட் மாறுவதைக் குறித்துக்கொண்டு போகிறார்" என்று அப்போதும் சொல்ல முடிகிறதா? சொல்லுங்கள். தோற்றத்தை எடுத்தவுடன் மிச்சம் எதுவும் இல்லையென்றால் அங்கே தகவலே இல்லை.

தாக்குதல்களுக்கு முன் பெரும்பாலும் நோட்டம் பார்க்கும் கட்டம் ஒன்று இருக்கும், அது வெளியில் தெரியும். புகைப்படம் எடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுலாப் பயணி கோபுரத்தை எடுப்பார், தன் குடும்பத்தை எடுப்பார், படம் நன்றாக வந்திருக்கிறதா என்று திரையைப் பார்ப்பார், யாராவது பார்த்தால் சிரிப்பார். நோட்டம் பார்ப்பவர் எடுப்பது சிசிடிவி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அவசர வழி எங்கே திறக்கிறது, சரக்கு வண்டி நுழையும் கேட், தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை. போனைக் காதில் வைத்துப் பேசுவதுபோல் பிடித்துக்கொண்டு எடுப்பார், கேட்டால் சட்டென்று நகர்ந்துவிடுவார். பழைய கட்டடங்களைப் படமெடுக்கும் பொழுதுபோக்குள்ளவர்களும் ரயில் பைத்தியங்களும் உலகத்தில் நிறைய உண்டு. என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டால் அவர்கள் அரை மணி நேரம் விளக்குவார்கள்!

இன்னும் சில: எத்தனை காவலர்கள், எத்தனை மணிக்குக் கூட்டம் அதிகம், பின்பக்கக் கதவைப் பூட்டுவது யார் என்று வேலைக்குச் சம்பந்தமில்லாதவர் கேட்பது. ஊழியர் மட்டும் போகும் பகுதிக்குள் "வழி தவறி" அடிக்கடி நுழைவது. கேட்பாரற்ற பையை வைத்துவிட்டுத் தூரத்தில் நின்று, யார் எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள் என்று கடிகாரம் பார்ப்பது. சீருடையோ அடையாள அட்டையோ திருட்டுப் போவதும் இதில் சேர்த்தி. பலர் அதைச் சாதாரணத் திருட்டு என்று விட்டுவிடுகிறார்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. உரம், ரசாயனம், அமிலம் விற்பவர்களும், வண்டியோ கிடங்கோ வாடகைக்கு விடுபவர்களும் போலீஸுக்கு முன்பே ஆபத்தைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கிறார்கள். விவசாயி உரம் வாங்கினால் பயிர், ஏக்கர், போட வேண்டிய காலம் எல்லாம் பேச்சில் தானாக வரும். எதற்கு என்று கேட்டால் திணறுவது, வீட்டு உபயோகத்துக்குப் பொருந்தாத அளவு கேட்பது, அதே வேலைக்கு ஆபத்தில்லாத மாற்றுப் பொருள் இருக்கிறது என்றால் மறுப்பது, பில் வேண்டாம் ரொக்கம் தருகிறேன் என்பது, அடையாளம் காட்டச் சொன்னவுடன் கிளம்பிவிடுவது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் சொல்ல வேண்டியதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, வெடிபொருள் தயாரிக்க உதவக்கூடிய ரசாயனங்களில் சந்தேகமான கொள்முதலை 24 மணி நேரத்துக்குள் அறிவிப்பது விற்பவரின் சட்டக் கடமை. விற்பனை நடக்காமல் போனாலும் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த ஆள் அடுத்த கடைக்குப் போவார்.

கேட்பாரற்ற பை

மறந்துவிட்டுப் போன பைகள்தான் மிகப் பெரும்பாலானவை. அதனால் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது வழக்கம். மறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா? மறந்துபோன பை நடுக் கூடத்தில், நாற்காலி மேல் கிடக்கும். குப்பைத்தொட்டிக்குப் பின்னால் செருகப்பட்டிருக்காது. வெளிப்படையாகவே கோளாறாகத் தெரிகிறதா? வயர், பேட்டரி, டேப் சுற்றிய பொட்டலம், கசிவு, மருந்து வாடை. அந்த இடத்துக்குப் பொருந்துகிறதா? விமான நிலையத்தில் டிராலிப் பெட்டி பொருந்தும், தியேட்டர் கழிப்பறையில் பொருந்தாது. மூன்றுக்கும் பதில் சாதாரணமாக இருந்தால், "இது யார் பை?" என்று உரக்கக் கேளுங்கள். பாதிப் பைகளுக்கு அங்கேயே சொந்தக்காரர் எழுந்து வந்துவிடுவார். வராவிட்டால் ஊழியரிடம் சொல்லுங்கள்.

ஏதாவது ஒன்று உறுத்தினாலும் அதற்கு மேல் ஆராயாதீர்கள். தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது, ஜிப்பைத் திறக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. 15 மீட்டருக்குள் செல்போனோ வாக்கிடாக்கியோ பயன்படுத்த வேண்டாம் என்பது பிரிட்டிஷ் போலீஸ் தரும் அறிவுரை. முதலில் விலகுங்கள், பிறகு அழையுங்கள். விலகவேண்டிய தூரத்தைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறோம். அதே அறிவுரைப்படி முதுகுப்பை அளவுப் பொருளுக்குக் குறைந்தது 100 மீட்டர், பெரிய சூட்கேஸ் அல்லது கார் என்றால் 200, லாரி என்றால் 400. நூறு மீட்டர் என்பது கால்பந்து மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. அந்தத் தூரத்திலும் பொருள் கண்ணுக்குத் தெரியாத இடமாக, கெட்டியான சுவருக்குப் பின்னால், கண்ணாடியை விட்டு ஒதுங்கி நில்லுங்கள். பறந்துவரும் கண்ணாடிச் சில்லே பலரைக் காயப்படுத்தும்.

தொடக் கூடாது என்பதற்கு டோக்கியோ சாட்சி. 1995 மார்ச் 20 காலை, சுரங்க ரயில்களில் செய்தித்தாள் சுற்றிய பிளாஸ்டிக் பைகளைக் குடை முனையால் குத்திக் கிழித்துவிட்டு இறங்கிப் போனார்கள் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கூட்டத்தினர். உள்ளே இருந்தது சாரின் நச்சு. கசுமிகசேக்கி நிலையத்தில், தரையில் ஏதோ கொட்டிக்கிடக்கிறது என்று அந்தப் பொட்டலத்தை அப்புறப்படுத்திய நிலைய ஊழியர்கள் இருவர் இறந்துபோனார்கள். அவர்கள் செய்தது தினமும் செய்யும் துப்புரவு வேலை.

சந்தேகமான வண்டிக்கு நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கம் சாட்சி. 2010 மே 1, சனிக்கிழமை மாலை, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எச்சரிக்கை விளக்குகள் மினுக்க, ஒரு நிசான் பாத்ஃபைண்டர் கார் தாறுமாறாக நிற்கிறது, உள்ளிருந்து புகை வருகிறது. நடைபாதை வியாபாரிகள் கவனித்தார்கள். குதிரை மேல் ரோந்து வந்த போலீஸ்காரருக்குத் தகவல் போனது. யாரும் கதவைத் திறந்து பார்க்கவில்லை. பகுதி காலி செய்யப்பட்டது. உள்ளே இருந்த குண்டு வெடிக்காமலே பிடிபட்டது. 53 மணி நேரத்தில் ஆளும் விமானத்தில் ஏறி உட்கார்ந்த நிலையில் பிடிபட்டான்.

ஒதுங்கிப்போய் நிற்கும் இடத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். 2002 அக்டோபர் 12 அன்று பாலியில் முதல் குண்டு ஒரு மதுக்கூடத்துக்குள் வெடித்தது. ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தபோது எதிர்ப்புறம் நின்ற வேனில் பெரிய குண்டு வெடித்தது. 202 பேர் இறந்தார்கள். எல்லாரும் கூடும் இடத்தில், நிறுத்தி வைத்த வண்டிகளுக்கு நடுவே நிற்காதீர்கள்.

எப்படிச் சொல்வது

இப்போதே நடக்கிறது, ஆள் இன்னும் அங்கே இருக்கிறான், பை கிடக்கிறது என்றால் அவசர எண்: இந்தியாவில் 112, இலங்கையில் 119, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000. நேற்றோ போன வாரமோ பார்த்தது என்றால் காவல் நிலையம், அல்லது அந்த நாட்டில் இதற்கென்றே இருக்கும் தனி எண், இணையப் படிவம். மின்னஞ்சலை யார் எப்போது திறப்பார்கள் என்று தெரியாது, அவசரத்துக்கு அது உதவாது.

பெரும்பாலான அழைப்புகள் இப்படித்தான் தொடங்குகின்றன:

"சார், இங்க ஸ்டேஷன்ல ஒரு ஆள் ஒரு மாதிரி சுத்திக்கிட்டு இருக்கான். பார்த்தாலே சரியில்ல. சீக்கிரம் யாரையாவது அனுப்புங்க."

எதிர்முனையில் இருப்பவரால் இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பத்துக் கேள்வி கேட்டு அவர் இழுக்க வேண்டியிருக்கும், அந்த இரண்டு நிமிடம் வீண். இதையே இப்படிச் சொல்லலாம்:

"மூணாவது பிளாட்பாரத்துல, ஏழாம் தூண் பக்கத்து பெஞ்சுக்கு அடியில ஒரு சாம்பல் கலர் முதுகுப்பையை உள்ள தள்ளி வெச்சிருக்கு. மணி இப்ப ஆறு இருபது. அஞ்சு நிமிஷம் முன்னாடி நீலச் சட்டை, கறுப்பு பேண்ட், வெள்ளை ஷூ போட்ட ஒருத்தர் வெச்சுட்டு டிக்கெட் கவுன்டர் பக்கமா வேகமா போனார். முப்பது வயசு இருக்கலாம். பக்கத்துல கேட்டோம், யாரோடதும் இல்ல. யாரும் தொடல. நான் இப்ப வெளிய, படிக்கட்டு பக்கம் நிக்கிறேன்."

முதல் வார்த்தையே இடம். அழைப்பு பாதியில் அறுந்தாலும் இடம் போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு என்ன, எப்போது, யார், எந்தப் பக்கம் போனார், கடைசியாக நீங்கள் எங்கே நிற்கிறீர்கள். தெரிந்த இடப் பெயர் இல்லையென்றால் தூண் எண், கேட் எண், மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண், கடைப் பலகை, கிலோமீட்டர் கல் என்று எதையாவது சொல்லுங்கள். அவர் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.

ஆளை வர்ணிக்கும்போது தலையிலிருந்து கால்வரை வரிசையாகப் போங்கள். உயரத்தை எதனோடாவது ஒப்பிடுங்கள். வழக்கமான கதவுச் சட்டம் சுமார் 2 மீட்டர். சட்டை, தொப்பி, கண்ணாடி நிமிடத்தில் மாறிவிடும், காலணியை மாற்றுவது அரிது. அதனால் காலணியைப் பாருங்கள். நடையில் ஏதாவது விசேஷம், தழும்பு, பச்சை குத்தல், எந்தக் கையில் பை என்பதும் உதவும். வண்டியானால் எண்தான் முதலில். முழுசாகக் கிடைக்காவிட்டால் கடைசி நான்கு இலக்கம், நிறம், ஒட்டியிருந்த ஸ்டிக்கர், நசுங்கிய இடம். நினைவை நம்ப வேண்டாம், உடனே போனில் எழுதிக்கொள்ளுங்கள்.

பார்த்ததையும் ஊகித்ததையும் கலக்காமல் சொல்வது மிக முக்கியம். லண்டனில் 2005 ஜூலை 22 அன்று, முந்தைய நாள் குண்டு வைக்க முயன்று தப்பியவன் என்று நினைத்து, பிரேசிலைச் சேர்ந்த ஓர் அப்பாவி மின்பணியாளரைப் போலீஸ் சுரங்க ரயிலில் சுட்டுக் கொன்றது. அவர் தடிமனான கோட்டு போட்டிருந்தார், டிக்கெட் தடுப்பைத் தாண்டிக் குதித்து ஓடினார் என்று அங்கிருந்தவர்கள் சிலர் சொன்னது ஊரெல்லாம் பரவியது. இரண்டுமே தவறு. போட்டிருந்தது சாதாரண டெனிம் ஜாக்கெட், தடுப்பை அட்டை வைத்துத்தான் கடந்தார். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, பதற்றத்தில் பார்த்ததை மூளை தானே இட்டு நிரப்பிக்கொண்டது. எனவே "துப்பாக்கி வைத்திருக்கிறான்" என்று சொல்லாமல், "சட்டைக்கு அடியில் இடுப்பில் நீளமாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது, என்னவென்று தெரியவில்லை" என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்வதும் தகவல்தான்.

படம் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். உங்களுக்கு ஆபத்தில்லாமல், அவர் கவனிக்காமல், தூரத்திலிருந்து ஒன்று எடுக்க முடிந்தால் எடுங்கள். அதற்காகப் பின்தொடர வேண்டாம். எடுத்த படத்தைப் போலீஸுக்கு மட்டும் கொடுங்கள்.

சொன்ன பிறகு யாரிடம் எத்தனை மணிக்குப் பேசினீர்கள், பதிவு எண் கொடுத்தார்களா என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் ஒஸ்லோவுக்கு வருகிறேன். குண்டு வெடித்தது பிற்பகல் 3.25க்கு. பத்தே நிமிடத்தில் ஒருவர் போலீஸை அழைத்து, சீருடை மாதிரி உடையில் கையில் துப்பாக்கியோடு ஒருவன் சாம்பல் நிற வேனில் ஏறிப்போனதைச் சொல்லி, வண்டி எண்ணையும் கொடுத்தார். ஒரு குடிமகன் தரக்கூடிய மிகச் சிறந்த தகவல் அதுதான். அது ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டில் எழுதப்பட்டு, கட்டுப்பாட்டு அறையில் சுமார் இருபது நிமிடம் யாரும் எடுக்காமல் கிடந்தது என்று 2012இல் விசாரணை ஆணையம் கண்டறிந்தது. அந்த வண்டியில் போனவன் உத்தோயா தீவில் 5.20 மணிவாக்கில் சுடத் தொடங்கி 69 பேரைக் கொன்றான். உங்கள் தகவல் அப்படி ஒரு சீட்டாக எங்காவது கிடக்கலாம். நிலைமை மாறினாலோ, யாரும் வரவில்லை என்றாலோ மறுபடி அழையுங்கள், முன்பு அழைத்ததையும் சொல்லுங்கள்.

நமக்கே தலைவலியாகாதா?

பெரும்பாலான தனி எண்களில் பெயர் சொல்லாமலே தகவல் தரலாம். பெயர் சொன்னால் சந்தேகம் கேட்கத் திரும்ப அழைக்க வசதி, அவ்வளவுதான். நல்லெண்ணத்தோடு சொன்ன தகவல் ஒன்றுமில்லாமல் போவது குற்றமில்லை. தெரிந்தே பொய்யாகச் சொல்வதும், விளையாட்டுக்குக் குண்டு மிரட்டல் விடுவதும் குற்றம். பக்கத்து வீட்டுச் சண்டையைத் தீர்க்க இந்த எண்ணை அழைப்பவர்களும் உண்டு. அவர்கள் மாட்டிக்கொள்வதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

அப்பாவி மாட்டிக்கொள்வாரே என்ற கவலை நியாயமானது. ஆனால் அவருக்குப் பெரிய ஆபத்து போலீஸுக்குப் போகும் துல்லியமான தகவலால் வருவதைவிட, ஊருக்கெல்லாம் போகும் அரைகுறைத் தகவலால் அதிகம் வருகிறது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கின்போது பெஞ்சுக்கு அடியில் இருந்த பையைக் கண்டுபிடித்து, சுற்றியிருந்தவர்களை விலக்கிப் பல உயிர்களைக் காப்பாற்றினார் ஒரு காவலாளி. சில நாட்களில் அவர்தான் குற்றவாளியோ என்ற விசாரணைச் செய்தி கசிந்து, 88 நாள் பத்திரிகைகள் அவரைக் குதறின. குண்டு வைத்தவன் வேறொருவன். 2013 பாஸ்டன் மராத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, இணையத்தில் படங்களை ஒட்டிவைத்துத் துப்பறிந்தவர்கள், காணாமல் போயிருந்த ஒரு கல்லூரி மாணவரைக் குற்றவாளி என்று அறிவித்தார்கள். அந்த மாணவர் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு வந்த வசைகளை நினைத்துப் பாருங்கள்.

எனவே வாட்ஸாப் குழுவில் "இவனைப் பார்த்தால் உஷார்" என்று படம் போடாதீர்கள். அது தகவல் தெரிவிப்பது ஆகாது. ஆளும் உஷாராகிவிடுவான். சம்பவம் நடந்துகொண்டிருக்கும்போது போலீஸ் எங்கே நிற்கிறது என்று நேரலை விடுவது இன்னும் மோசம். 2008 நவம்பரில் மும்பையில் தொலைக்காட்சி நேரலையைப் பார்த்தபடியே தாக்குதல்காரர்களுக்குப் போனில் கட்டளைகள் வந்தன. 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஊடகங்களை இதற்காகக் கடுமையாகக் கண்டித்தது. 2015 நவம்பரில் பிரஸ்ஸல்ஸில் தேடுதல் வேட்டை நடந்தபோது, தங்கள் நடமாட்டத்தைப் பற்றி எதுவும் பதிவிட வேண்டாம் என்று போலீஸ் கேட்டுக்கொண்டது. மக்கள் ட்விட்டர் முழுக்கப் பூனைப் படங்களாகப் போட்டு நிரப்பினார்கள். மறுநாள் போலீஸ் நன்றியாக ஒரு கிண்ணம் பூனைத் தீனியின் படத்தைப் போட்டது.

தெரிந்தவர் என்றால்?

முன்பின் தெரியாதவனைப் பற்றிச் சொல்வது எளிது. நம் வீட்டுப் பிள்ளை, நண்பன் என்றால் நாக்கு எழாது. தனியாகத் தாக்கத் திட்டமிடுபவர்கள் பலர் முன்கூட்டியே யாரிடமாவது கோடி காட்டிவிடுகிறார்கள், அந்த யாரோ பெரும்பாலும் நெருங்கியவர். கவனிக்கவேண்டியது கொள்கையையோ பக்தியையோ இல்லை. வன்முறையை நோக்கிய நகர்வை. ஒரு கூட்டத்தையே மனிதர்களாகப் பார்க்காத பேச்சு, நடந்த தாக்குதலைக் கொண்டாடுவது, பழைய நண்பர்களை வெட்டிவிடுவது, "சீக்கிரம் உங்களுக்கெல்லாம் தெரியும்" என்பது, திடீரென்று கடன்களைத் தீர்ப்பது, உடைமைகளைக் கொடுத்துவிடுவது, விடைபெறுவதுபோல் பேசுவது. தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் இருக்கலாம், கடைசி மூன்றும் தற்கொலை எண்ணத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். எதுவானாலும் உதவி தேவை.

அமெரிக்காவில் 17 ஆண்டுகள் தபாலில் குண்டு அனுப்பிய டெட் கசின்ஸ்கி பிடிபட்டது குடும்பத்தால்தான். அவருடைய நீண்ட அறிக்கை 1995 செப்டம்பரில் பத்திரிகையில் வந்தது. முதலில் சந்தேகப்பட்டவர் தம்பியின் மனைவி. தம்பி பழைய கடிதங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார், சொல்லாட்சி ஒத்துப்போனது. வேதனையோடு தகவல் கொடுத்தார். 1996 ஏப்ரலில் கைது. 2009இல் நைஜீரியாவில் ஒரு தந்தை தன் மகனைப் பற்றி அமெரிக்கத் தூதரகத்துக்கே போய் எச்சரித்தார். ஆனாலும் அந்த மகன் கிறிஸ்துமஸ் அன்று உள்ளாடையில் வெடிபொருளோடு விமானம் ஏறிவிட்டான். குண்டு சரியாக வெடிக்காமல் போனது, பயணிகள் அமுக்கிப் பிடித்தார்கள். அமைப்புகள் கோட்டை விடுவதும் நடக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சீக்கிரம் சொன்னால், குற்றம் நடக்கும் முன் அறிவுரை, சிகிச்சை என்று வேறு வழிகள் திறந்திருக்கும். தாமதித்தால் மிஞ்சுவது கைதுதான்.

போனில் மிரட்டல் வந்தால்

அலுவலகத் தொலைபேசியில் இருப்பவர்களுக்கு மட்டும்: பதற்றம் காட்டாமல் பேச விடுங்கள், பக்கத்தில் இருப்பவருக்குச் சீட்டில் எழுதிக் காட்டுங்கள். எங்கே வைத்திருக்கிறது, எப்போது வெடிக்கும், பார்க்க எப்படி இருக்கும், ஏன் வைத்தாய் என்று கேளுங்கள். பதில் வராது என்று நினைக்க வேண்டாம், சிலர் உளறிவிடுவார்கள். சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். பின்னணியில் ரயில் சத்தமா, பிள்ளைகள் சத்தமா, குரல் வாசித்ததுபோல் இருந்ததா என்பதையும் குறியுங்கள். தபாலில் பொடி கொட்டினால் ஊதாதீர்கள், உதறாதீர்கள். அப்படியே கீழே வைத்து, மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் நோய்க்கிருமிப் பொடி வைத்து அனுப்பிய கடிதங்களால் ஐந்து பேர் இறந்தார்கள்.

தாக்குதல் தொடங்கிவிட்டால்

ஓடு, ஒளி, சொல். இந்த வரிசை மாறக் கூடாது. ஓட வழி இருந்தால் ஓடுங்கள், பையையும் செருப்பையும் தேடாதீர்கள். வழி இல்லையென்றால் பூட்டக்கூடிய அறை, கனமான பொருளால் கதவை அடைப்பது, விளக்கை அணைப்பது. போனில் சத்தத்தோடு அதிர்வையும் நிறுத்துங்கள், மேஜை மேல் அதிரும் போன் அடுத்த அறைக்குக் கேட்கும். கதவுக்கு நேரே நிற்காமல் பக்கச் சுவரோரம் இருங்கள். பிளைவுட் தடுப்பும் கார் கதவும் துப்பாக்கிக் குண்டைத் தடுக்காது. செங்கல் சுவரும் காரின் எஞ்சின் பகுதியும் ஓரளவு தடுக்கும். பத்திரமான பிறகுதான் போலீஸுக்கு அழைப்பு. உள்ளே மாட்டியிருக்கும் நண்பருக்கு நீங்கள் போன் போட்டு அவரைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

ஆயுதப் போலீஸ் உள்ளே வரும்போது அவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரியாது. கையில் எதுவும் இல்லாமல் விரல்களை விரித்து உயர்த்துங்கள், அவர்களை நோக்கி ஓடாதீர்கள். துப்பாக்கியை உங்கள் பக்கமும் நீட்டலாம், அதட்டலாம், தரையில் படுக்கச் சொல்லலாம். காயம்பட்டவர்களைத் தாண்டிப் போவார்கள், தாக்குபவனை நிறுத்துவதுதான் அவர்களுடைய முதல் வேலை.

அந்த இடைவெளியில் காயம்பட்டவருக்கு உதவ நீங்கள்தான் இருப்பீர்கள். கை காலில் ரத்தம் பீய்ச்சினால் துணியை மடித்துக் காயத்தின் மேல் இரண்டு கையாலும் உடல் எடையைப் போட்டு அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. அப்படியும் நிற்கவில்லை என்றால் காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் படாமல், அகலமான துணியைச் சுற்றி, ஒரு குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்கிக் கட்டுங்கள். அவருக்கு மிகவும் வலிக்கும், அதற்காகத் தளர்த்த வேண்டாம். கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலோ கையிலோ பேனாவால் எழுதி வையுங்கள், மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.